கப்பல் எஞ்சினின் காவல் வால்வு

ராம்சே மெக்டொனால்டு என்னும் பெயர் சரித்திர மாணவர்களுக்குப் புதியதன்று. 1930ஆம் ஆண்டில் லண்டனில் முதல் வட்டமேஜை மகாநாடு கூடியபோது பிரிட்டனின் பிரதம மந்திரியாக இருந்தவர் அவர். 1932 ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பை வெளியிட்டவரும் அவரே. அத்தீர்ப்பை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாவிரதம் இருந்ததையும், பூனா ஒப்பந்தம் பிறந்ததையும் நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். பதவியிலிருந்து விலகிய பின்னர் மெக்டொனால்டு உடல்நலம் நாடித் தென் அமெரிக்காவை நோக்கிக் கடற்பிரயாணம் புறப்பட்டார். 1937 நவம்பர் 9ஆம் நாள், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, கப்பலிலேயே அவர் உயிர் பிரிந்தது. அக்கப்பலின் பெயர் 'ரெய்னா டெல் பசிபிகோ'. ஸ்பானிய மொழியில் அதற்குப் 'பசிபிக்கின் அரசி' என்று பொருள்.

பத்தாண்டுகள் கழித்து, அதே கப்பலில் ஒரே நாளில் 28 பேர் மாண்டனர். மெக்டொனால்டின் மரணத்தைச் சொல்லும் சரித்திர நூல்கள் பல உண்டு. இந்த 28 பேரின் மரணத்தைச் சொல்லும் பாடப்புத்தகம் ஒன்றையும் நான் கண்டதில்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் சரித்திரம் போதித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். மன்னர்களின் வரிசையையும் உடன்படிக்கைகளின் ஷரத்துகளையும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் இன்று உலகக் கடல்களில் ஓடும் பெரிய டீசல் கப்பல் ஒவ்வொன்றின் எஞ்சினிலும் அந்த 28 பேரின் மரணம் கற்பித்த பாடம் இரும்பிலும் வில்லிலும் கம்பிவலையிலும் எழுதப்பட்டிருக்கிறது. அப்பாடத்தின் பெயர் அழுத்தம் போக்கும் வால்வு. அதன் சரித்திரத்தையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் வால்வு என்னும் கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். உலை கொதிக்கும்போது பானையின் மூடி தடதடவென்று ஆடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உள்ளே பெருகும் ஆவி, மூடியைச் சற்றே தூக்கித் தனக்கு வழி செய்துகொள்கிறது. வழி கிடைத்ததும் மூடி தானே அமர்கிறது. மூடியை அசையவிடாமல் இறுகக் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிரான்சு நாட்டில் பிறந்த டெனிஸ் பாப்பின் என்னும் அறிஞர் 1679ஆம் ஆண்டில் லண்டனில், எலும்பையும் மென்மையாக்கிவிடும் ஆவிப் பாத்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். இறுக மூடிய பாத்திரத்தில் ஆவியின் வேகம் அபாயமானது என்பதை உணர்ந்த அவர், நெம்புகோலும் எடையும் கொண்ட ஒரு சிறு வால்வை அதற்குப் பொருத்தினார். நம் சமையலறையில் பிரஷர் குக்கரின் மேல் உட்கார்ந்திருக்கும் குண்டு அந்த வால்வின் வழித்தோன்றல்தான்.

பின்னர் நீராவி யந்திரங்களின் காலம் வந்தது. 1803ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிரீனிச் என்னுமிடத்தில், ரிச்சர்டு டிரெவிதிக் அமைத்த உயரழுத்த எஞ்சினின் கொதிகலன் வெடித்து நால்வர் உயிரிழந்தனர். வால்வு இருந்தும், அது தன் வேலையைச் செய்ய இயலாதபடி ஆகியிருந்தது. அதன்பின் டிரெவிதிக் ஒவ்வொரு கொதிகலனுக்கும் இரண்டு வால்வுகள் வைத்தார். அவற்றுள் ஒன்று எஞ்சினை ஓட்டுபவரின் கைக்கு எட்டாதபடி அமைந்தது. இந்தச் சிறு செய்தியை நீங்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். வால்வு இருப்பது ஒன்று; அது இயங்கும் நிலையில் இருப்பது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மனிதகுலம் மறுபடியும் மறுபடியும் உயிர் கொடுத்தே கற்றிருக்கிறது.

கொதிகலன் அபாயமானது என்பதைக் கண்ணால் காணலாம். அருகில் நிற்பவன் அஞ்சுவான். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலறிஞர் 1892ஆம் ஆண்டில் உரிமைக்கு விண்ணப்பித்து, 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினுக்குக் கொதிகலனே கிடையாது. காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தால் உண்டாகும் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைப்பது அதன் முறை. 1912ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரில் பர்மைஸ்டர் - வைன் கம்பெனியார் கட்டிய 'செலாண்டியா' என்னும் கப்பல், டீசல் எஞ்சின்களின் பலத்தால் பாங்காக் வரையில் சென்று மீண்டது. புகைபோக்கி இல்லாத அக்கப்பலைத் துறைமுகங்களில் மக்கள் வியந்து நோக்கினர். நிலக்கரி அள்ளிக் கொட்டும் கொடிய உழைப்பு அதில் இல்லை, கொதிகலனும் இல்லை. ஆகவே வெடிக்கும் அபாயமும் தொலைந்தது என்று ஒருவர் எண்ணியிருந்தால் வியப்பில்லை. ஆனால் அபாயம் தொலையவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்திற்கு மாறிச் சென்றிருந்தது.

அந்த இடம் எது? பெரிய டீசல் எஞ்சினின் அடிப்பகுதியில் கிராங்க் கேஸ் என்னும் இரும்புக் கூடு உண்டு. மேலும் கீழுமாக ஓடும் பிஸ்டன்களின் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு அதற்குள் சுழல்கிறது. தண்டும் தாங்கிகளும் உரசித் தேயாமல் இருக்க அங்கே எண்ணெய் இடைவிடாது பாய்ந்துகொண்டே இருக்கும். பெரிய கப்பல் எஞ்சின் ஒன்றின் கிராங்க் கேஸ் மனிதர் உள்ளே இறங்கி நின்று வேலை செய்யும் அளவிற்கு விசாலமானது. அதனுள் சாதாரணமாக நெருப்பு இல்லை. எரிபொருள் எரிவதெல்லாம் மேலே சிலிண்டருக்குள்தான். எண்ணெய் மழையாகக் கொட்டினாலும் அம்மழைத் துளிகள் பருத்தவை, எளிதில் தீப்பற்றா.

விறகுக் கட்டையைப் பற்றவைக்க நேரம் பிடிக்கும். சுள்ளி விரைவில் பற்றும். காற்றில் பறக்கும் மரத்தூளோ ஒரு பொறி பட்டால் குபீரென்று எரிந்துவிடும். எண்ணெயும் அப்படியே. தாங்கி ஒன்றோ பிஸ்டன் ஒன்றோ ஏதோ காரணத்தால் அளவுமீறிச் சூடேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் விழும் எண்ணெய் ஆவியாகிறது. அந்த ஆவி சற்றுக் குளிர்ந்த பகுதிக்குச் சென்றதும் மீண்டும் திரவமாகிறது. ஆனால் இம்முறை பெருந்துளிகளாக அன்று, மார்கழி மாதத்து விடியற்காலைப் பனிமூட்டம்போல் வெண்மையான நுண்துளிகளாக. ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 50 கிராம் எண்ணெய் இவ்விதம் மூட்டமாகப் பரவிவிட்டால் அது வெடிக்கத்தக்க கலவையாகிறது. எந்தச் சூடான இடம் அம்மூட்டத்தை உண்டாக்கிற்றோ, அந்த இடமே பின்னர் அதைப் பற்றவைக்கவும் கூடும்.

இனி 'ரெய்னா டெல் பசிபிகோ'வின் கதைக்கு வருவோம். வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஹார்லண்டு - உல்ஃப் கம்பெனியாரின் தளத்தில் கட்டப்பெற்று, 1931ஆம் ஆண்டில் அது பணி தொடங்கியது. ஏறக்குறைய 17,700 டன் கொள்ளளவு. நான்கு டீசல் எஞ்சின்கள், நான்கு சுழலிகள். லிவர்பூலிலிருந்து பனாமாக் கால்வாய் வழியாகச் சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகம் வரையில் பிரயாணிகளை ஏற்றிச் சென்றது. இரண்டாம் உலகப் போரில் துருப்புக் கப்பலாக மாறி, 1942இல் வட ஆப்பிரிக்காவிலும் 1943இல் சிசிலியிலும் நடந்த படையிறக்கங்களில் பங்கு கொண்டது. குண்டுகளுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் தப்பிய அக்கப்பலை, போர் முடிந்தபின் மீண்டும் பிரயாணிக் கப்பலாகச் செப்பனிடும் பொருட்டுப் பிறந்த ஊராகிய பெல்பாஸ்டுக்கே கொண்டு வந்தார்கள்.

செப்பனிட்ட கப்பலைக் கடலில் ஓட்டிச் சோதிப்பது வழக்கம். அத்தகைய வெள்ளோட்டத்தின்போது கப்பலின் எஞ்சினியர்கள் மட்டுமல்லாமல், தளத்தைச் சேர்ந்த தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் எஞ்சின் அறையில் கூடியிருப்பார்கள். 1947 செப்டம்பர் 11ஆம் நாள், வெள்ளோட்டம் முடிந்து கப்பல் பெல்பாஸ்டை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. கோப்லண்டு தீவுகள் அருகில் வந்துவிட்டன. வீடு கண்ணுக்கெட்டும் தூரம். அப்பொழுது எஞ்சின் அறையில் வெடிப்பு நேர்ந்தது. நான்கு எஞ்சின்களின் கிராங்க் கேஸ்களும் வெடித்தன. 28 பேர் மாண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் கப்பல் தளத்தின் ஆட்கள். போர்க்களத்தைக் கடந்து வந்த கப்பல், சமாதான காலத்தில், சொந்த ஊரின் வாசலில், தன்னைக் கட்டிய கைகளையே பலிகொண்டது.

இதன்பின் அரசாங்க விசாரணை நடைபெற்றது. எஞ்சின் ஒன்றில் பிஸ்டன் அளவுமீறிச் சூடேறியதும், கிராங்க் கேஸில் எண்ணெய் மூட்டம் பற்றிக்கொண்டதும் வெளிப்பட்டன. கிராங்க் கேஸ் வெடிப்பு என்பது 1947இல் முதன்முதலாக நிகழ்ந்ததன்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக முன்பும் நிகழ்ந்ததுண்டு. ஆனால் எஞ்சினியர் வட்டாரத்திற்குள்ளேயே பேசப்பட்டு மறைந்த ஒரு விஷயம், இப்போது ஊரறிந்த துக்கமாயிற்று, துக்கம் ஆராய்ச்சியாயிற்று. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த பர்கோயின், நியூவிட் ஆகிய அறிஞர்கள் எண்ணெய் மூட்டம் எவ்வாறு உருவாகிறது, எவ்வளவு அடர்த்தியில் பற்றுகிறது, பற்றினால் அழுத்தம் எவ்விதம் ஏறுகிறது என்பவற்றையெல்லாம் பரிசோதனைகளால் அளந்து, 1950களின் நடுப்பகுதியில் வெளியிட்டனர்.

அவ்வாராய்ச்சிகளால் தெளிவான உண்மைகளில் இரண்டை இங்கே சொல்ல வேண்டும். முதலாவது, கொதிகலனின் வால்வு இந்த வேலைக்குப் போதாது. கொதிகலனில் அழுத்தம் படிப்படியாக ஏறும். வால்வு சாவகாசமாகத் திறக்கலாம். வெடிப்பிலோ அழுத்தம் நொடியின் சிறு பகுதிக்குள் ஏறிவிடும். ஆகவே வால்வின் தட்டு இலேசானதாகவும், வாய் அகன்றதாகவும், மெல்லிய தள்ளலுக்கே திறந்துகொள்வதாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது, திறந்த வால்வு உடனே மூடிக்கொள்ள வேண்டும். முதல் வெடிப்பின் அழுத்தம் வெளியேறியபின், உள்ளேயுள்ள சூடான வாயு குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அக்காற்று எஞ்சியுள்ள எண்ணெய் மூட்டத்துடன் கலந்தால் இரண்டாவது வெடிப்பு நேரும். அது முதலாவதைவிடப் பன்மடங்கு கொடியதாகக் கூடும். வெளியே விடவும் வேண்டும், உள்ளே விடவும் கூடாது. இதுவே வாயிற்காவலனுக்கு இட்ட கட்டளை.

மூன்றாவது கவலையும் ஒன்று உண்டு. அழுத்தத்தோடு சேர்ந்து தீச்சுவாலையும் வால்வின் வழியே பாய்ந்தால், எஞ்சினைக் காத்து அருகில் நிற்பவனைக் கொன்றதாக முடியும். இதற்கு விடை மற்றொரு பழைய துயரத்திலிருந்து கிடைத்தது. 1812 மே 25ஆம் நாள் வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 92 பேர் இறந்தனர். சுரங்கத்தில் எரியும் விளக்கு அங்குள்ள வாயுவைப் பற்றவைக்காமல் இருக்க வழி என்ன என்று ஆராய்ந்த ஹம்ப்ரி டேவி, 1815ஆம் ஆண்டில் நெருங்கிய கம்பிவலையால் விளக்கின் சுடரைச் சூழ்ந்தார். கம்பிவலை சுடரின் வெப்பத்தைத் தானே வாங்கிக்கொள்வதால், வலைக்கு அப்பால் உள்ள வாயு பற்றும் அளவிற்குச் சூடேறுவதில்லை. அதே தத்துவத்தைக் கப்பல் எஞ்சினின் வால்வு ஏற்றுக்கொண்டது. வால்வைச் சூழக் கம்பிவலை அடுக்குகள் அமைந்தன. வாயு அவற்றினூடே செல்லும், சுவாலை உள்ளேயே தடைபட்டு அணையும். சுரங்கத் தொழிலாளியின் விளக்கு, கப்பல் தொழிலாளியின் காவலாயிற்று.

அனுபவமும் ஆராய்ச்சியும் பின்னர் விதிகளாக உருப்பெற்றன. 1912இல் 'டைட்டானிக்' மூழ்கியதன் விளைவாக 1914இல் பிறந்ததே கடலில் உயிர்க் காப்பிற்கான சர்வதேச உடன்படிக்கை. 1974இல் புதுப்பிக்கப்பெற்ற அவ்வுடன்படிக்கையின் விதிப்படி, சிலிண்டரின் விட்டம் 200 மில்லிமீட்டரோ, கிராங்க் கேஸின் கொள்ளளவு 0.6 கன மீட்டரோ, அதற்கு மேலோ உள்ள எஞ்சின்களுக்கு இவ்வால்வு கட்டாயமாகும். கப்பல்களுக்குத் தரச்சான்று அளிக்கும் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு மேலும் நுணுக்கமான அளவுகளை விதித்திருக்கிறது. சிலிண்டர் விட்டம் 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் ஒவ்வொரு கிராங்கிற்கும் ஒரு வால்வாவது வேண்டும். வால்வு ஒவ்வொன்றின் திறப்பும் 45 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. கிராங்க் கேஸின் ஒவ்வொரு கன மீட்டருக்கும், எல்லா வால்வுகளும் சேர்ந்து 115 சதுர சென்டிமீட்டர் திறப்பாவது அளிக்க வேண்டும். கணக்கு மாணவர் போட்டுப் பார்க்கலாம்: கொள்ளளவு 20 கன மீட்டர் என்றால் மொத்தத் திறப்பு 2,300 சதுர சென்டிமீட்டர். காற்றழுத்தத்திற்கு மேல் 0.2 பார் அளவுக்குள்ளேயே வால்வு திறந்துவிட வேண்டும். ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம் அது. கிணற்றில் இரண்டு ஆள் ஆழம்கூட இல்லை.

வால்வோடு மற்றொரு காவலும் சேர்ந்தது. எண்ணெய் மூட்டத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் கருவி அது. வெடிக்கத்தக்க அடர்த்தியில் நூற்றில் ஐந்து பங்கை எட்டுவதற்குள்ளாகவே அது அபாய மணி அடிக்க வேண்டும் என்பது இன்றைய விதி. 2000க்குப் பின் வந்த ஆண்டுகளில் வால்வின் சோதனை முறைகளும் கடுமையாக்கப்பட்டன. மீத்தேன் வாயுவும் காற்றும் கலந்த கலவையை மெய்யாகவே வெடிக்கச் செய்து, சுவாலை வெளிவரவில்லை என்று மெய்ப்பித்த வகை வால்வுக்கே சான்று கிடைக்கும். காகிதத்தில் வரைந்த நம்பிக்கை போதாது, நெருப்பின் முன் நின்று காட்ட வேண்டும் என்பது இதன் கருத்து.

இதுவரையில் நான் கூறியது வால்வு பிறந்த கதை. அது வாழும் கதை வேறு. இந்தக் கருவியின் விசித்திரம் என்னவென்றால், நன்கு பராமரிக்கப்படும் எஞ்சினில் அது தன் ஆயுளில் ஒருமுறைகூடத் திறக்க நேராமல் போகலாம். பம்பு நின்றால் உடனே தெரியும். விளக்கு அணைந்தால் உடனே தெரியும். இந்த வால்வு கெட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. எஞ்சின் எப்போதும்போல் ஓடும். கப்பல் உரிய துறைமுகத்தை அடையும். ரப்பர் வளையம் வெப்பத்தால் இறுகி வெடித்திருக்கலாம், வில் துருப்பிடித்திருக்கலாம், கம்பிவலையில் அழுக்கு அடைந்திருக்கலாம். தேவைப்படும் அந்த ஒரு நொடி வரும்வரையில் இக்குறைகள் மௌனமாகவே இருக்கும்.

என் பழைய மாணவர் ஒருவர் கப்பலில் எஞ்சினியராகப் பணியாற்றுகிறார். விடுமுறையில் என்னைக் காண வந்தபோது அவரிடம் இதுபற்றிக் கேட்டேன். அவர் சொன்னார்: "சார், புதிதாக ஒரு கப்பலில் ஏறினால் நான் முதலில் இந்த வால்வுகளின் தட்டைக் கையால் தள்ளிப் பார்ப்பேன். ஒரு கப்பலில் தட்டு அசையவே இல்லை. எஞ்சினுக்குப் பெயிண்ட் அடித்தவர் அழகாக இருக்கட்டும் என்று வால்வுக்கும் சேர்த்து அடித்துவிட்டார். பெயிண்ட் காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது." அக்கப்பலின் பெயரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கிரீனிச்சில் செயலற்றுப்போன வால்வுக்கும், இந்த வண்ணம் பூசிய வால்வுக்கும் இடையே இருநூறு ஆண்டுகள் உள்ளன. மனித இயல்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

பழுதான வால்வை எவ்விதம் மாற்றுவீர்கள் என்று அவரைக் கேட்டேன். அவர் கூறிய முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். எஞ்சினை நிறுத்தி ஆறவிட வேண்டும். தொடக்கக் காற்றின் வழியை அடைத்து, எஞ்சினை யாரும் அறியாமல் ஓட்டிவிட முடியாதபடி செய்ய வேண்டும். சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அறிவித்து எச்சரிக்கைப் பலகை தொங்கவிட வேண்டும். பெரிய எஞ்சினின் வால்வு கனமானது. சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டபின்தான் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். பழைய வால்வு அமர்ந்திருந்த முகத்தைச் சுரண்டித் துடைத்துச் சமப்படுத்த வேண்டும். புதிய வால்வின்மேல் பொறித்திருக்கும் தகட்டைப் படிக்க வேண்டும். செய்தவர் பெயர், வகை, திறப்பின் பரப்பு, செய்த மாதமும் ஆண்டும், எந்த நிலையில் பொருத்த வேண்டும் என்னும் குறிப்பு ஆகியவை அதில் இருக்கும். உருவத்தில் ஒத்திருக்கிறது என்பதற்காக வேறு வகையைப் பொருத்துவது தகாது. போல்ட்டுகளை ஒரே பக்கமாக முறுக்காமல் எதிரெதிராக, சீராக முறுக்க வேண்டும். வெளிவரும் வாயு ஆள் நடக்கும் பாதையை நோக்கிப் பாயாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முடிவில் தட்டைக் கையால் தள்ளி, அது தடையின்றித் திறந்து தானே மூடுவதைக் காண வேண்டும். பிறகு செய்த வேலையைத் தேதியிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

"இவ்வளவும் செய்தபின், அந்த வால்வு வேலை செய்வதை நான் ஒருநாளும் பார்க்கக்கூடாது என்பதுதான் சார் என் பிரார்த்தனை" என்று அவர் முடித்தார். பயன்படக்கூடாது என்று வேண்டிக்கொண்டே, பயன்படும்படி செய்து வைப்பது எத்தகைய தொழில்! பலனைக் கண்ணால் காணும் மகிழ்ச்சி உழவனுக்கு உண்டு, தச்சனுக்கு உண்டு. இவருடைய உழைப்பின் பலன், ஒன்றும் நடவாமையே. அதற்கு யாரும் மாலையிடுவதில்லை.

ஆயினும், வால்வை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது. அது வெடிப்பைத் தடுப்பதன்று. நேர்ந்த வெடிப்பின் வேகத்தைக் குறைப்பது. தாங்கி சூடேறாமல் பார்ப்பதும், எண்ணெயைச் சுத்தமாக வைப்பதும், அபாய மணி அடித்தால் எஞ்சின் வேகத்தைக் குறைத்து நிறுத்துவதும் மனிதர் செய்ய வேண்டியவை. அவற்றுள் முக்கியமான ஒன்று, எஞ்சின் நின்றதும் ஆவலினால் கிராங்க் கேஸின் கதவைத் திறந்து பார்க்காமல் இருத்தல். உள்ளே சூடான இடம் இன்னும் கனன்றுகொண்டிருக்கும். கதவைத் திறந்தால் புகும் காற்றே வெடிப்புக்கு வித்தாகும். போதிய நேரம் ஆறவிட்ட பின்னரே திறக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை, எஞ்சினின் மேலேயோ இயக்குமிடத்திலோ பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. குறைந்தது இருபது முப்பது நிமிடங்கள் பொறுத்திருக்குமாறு எஞ்சின் செய்வோர் வழக்கமாகக் கூறுவர். அந்த நிமிடங்களில் எஞ்சினியரின் மனம் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். உள்ளே என்ன கேடு என்று அறியத் துடிக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் ஒரு வீரமே.

'ரெய்னா டெல் பசிபிகோ' பழுது நீங்கி 1948இல் மீண்டும் கடலுக்குச் சென்றது. பத்தாண்டுகள் உழைத்து, 1958இல் வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் உடைக்கப்பட்டது. அக்கப்பலின் இரும்பு எங்கெங்கோ உருகிப் போயிருக்கும். மெக்டொனால்டின் பெயர் உங்கள் புத்தகத்தில் நிலைத்திருக்கிறது, அது நியாயமே. ஆனால் சட்டப் புத்தகத்தின் ஒரு விதியை, ஒரு யந்திரத்தின் மேல் உள்ள எச்சரிக்கையைப் படிக்கும்போது, இது எவருடைய உயிர் எழுதியது என்று ஒரு கணம் கேட்டுப் பாருங்கள். 200 மில்லிமீட்டர், 45 சதுர சென்டிமீட்டர், 0.2 பார் என்னும் எண்கள் வறண்ட எண்களாகத் தோன்றலாம். பரீட்சைக்கு அவை வாரா. ஆனால் அவற்றின் பின்னால் பெல்பாஸ்டில் அன்று மாலை வீடு திரும்பாத மனிதர்கள் நிற்கிறார்கள்.

மாணவர்களே, உங்களில் சிலர் எஞ்சினியர்கள் ஆவீர்கள்; சிலர் யந்திரங்களைக் கையாலும் தொடமாட்டீர்கள். எத்தொழிலில் இருந்தாலும், ஒருநாளும் திறக்காத ஒரு வால்வு உங்கள் பொறுப்பில் வந்து சேரும். அது ஒரு பாலத்தின் ஆய்வுக் குறிப்பாக இருக்கலாம். பள்ளியின் தீயணைக்கும் வாளியாக இருக்கலாம். மருத்துவமனையின் மாற்று விளக்காக இருக்கலாம். பார்க்காமல் விட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அப்போது சென்று அதன் தட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். அசையவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். சரித்திரம் படித்ததன் பயன் அதுவே.